கடனில்லாத பொண்ணு வேணும்

பகலில் தூங்குகிறவனை எழுப்ப எங்கள் வீட்டில் யாருக்கும் கூச்சமில்லை. ஐஸ் பெக்டரியில் இரவு வேலை முடித்து வந்து கண்ணை மூடினால், மீன்காரனுக்குச் சில்லறை வேண்டும், காஸ் சிலிண்டரைத் தூக்கிப் பொருத்த வேண்டும், பக்கத்து வீட்டுத் தண்ணீர் மோட்டர் இழுக்கவில்லை. இரவில் படுப்பவன்தான் தூங்குகிறான். பகலில் படுப்பவன் சும்மா கிடக்கிறான். இதுதான் சாய்ந்தமருதில் எல்லோருடைய எண்ணமும்.

அன்று எழுப்பியது வாப்பா.

"நளீர், எழும்பு. அசருக்குப் பொறகு நிந்தவூர் ஆக்கள் வாறாங்களாம்."

"வரட்டும். பொண்ணு கேட்டுத்தானே வாறாங்க. என்னையா கேக்கிறாங்க?"

"நீயும் இரிக்கணும். படிப்பப் பத்திக் கேப்பாங்களாம். எனக்கு அதெல்லாம் கதைக்கத் தெரியா."

"எனக்கு மட்டும்?"

"நீ ரெண்டு வருஷம் கம்பஸுக்குப் போனதானே."

இரண்டரை வருஷம். பிரயோக கணிதம். பிடிக்கவில்லை, விட்டுவிட்டேன். அதற்குமேல் அதில் சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் அன்று முதல் இந்த வீட்டில் கணக்கு என்ற சொல் எங்கே வந்தாலும் என்னை எழுப்புகிறார்கள்.

பெண் கேட்டு வருவது என் தங்கச்சி ஸம்றாவை. அவளும் அதே பாடம்தான். அரச பல்கலைக்கழகத்துக்கு வெட்டுப்புள்ளி கொஞ்சம் குறைந்துபோனதால் கொழும்பில் ஒரு தனியார் நிறுவனத்தில் சேர்ந்தாள். கட்டணத்துக்கு அரசாங்கத்தின் வட்டியில்லாக் கடன். படித்து முடித்தாள், நன்றாகவே முடித்தாள். இப்போது கொழும்புக் காப்புறுதிக் கம்பனி ஒன்றுக்கு எங்கள் வீட்டு மேல்மாடி அறையிலிருந்தே வேலை செய்கிறாள். எந்த வயது ஆட்கள் எந்த மாதத்தில் எத்தனை பேர் ஆஸ்பத்திரிக்குப் போவார்கள் என்று முன்கூட்டியே கணித்துக் கொடுப்பது. சம்பளம் ஒன்றரை லட்சம். மாதாமாதம் கடனுக்கு வெட்டியது போக, அப்போது மிச்சமிருந்த கடன் ஒன்பது லட்சம்.

மாப்பிள்ளை சப்ரி. அவரும் பிரயோக கணிதம். அரச பல்கலைக்கழகம், இலவசப் படிப்பு, படிப்புக் கடன் ஒரு சதம் இல்லை. இப்போது அரசாங்கப் பாடசாலையில் கணித ஆசிரியர். கலியாணத் தரகர் முத்தலிப் இதை எங்களிடம் கொண்டுவந்தபோது, "ரெண்டு பேரும் ஒரே பாடம். வீட்டுல சண்ட வந்தா சத்தம் போட மாட்டாங்க, கணக்குப் போட்டுத் தீத்துக்குவாங்க" என்று சொல்லிவிட்டு அவரே சிரித்தார். உம்மாவும் சிரித்தார். எனக்குத் தூக்கம் வந்தது.

எங்கள் பக்கத்து வழக்கம் தெரியாதவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். இங்கே பெண் மாப்பிள்ளை வீட்டுக்குப் போவதில்லை. மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வருவான். வீட்டைப் பெண்ணின் பெயருக்கு எழுதிக் கொடுக்க வேண்டும். ஆகவே பெண் பிறந்த வீட்டில் ஆண்பிள்ளைகளின் தொழில் அவளுக்கு வீடு கட்டுவது. எங்கள் வீட்டுக் கீழ்ப்பகுதி வாப்பா கட்டியது. மேல்மாடிச் சுவர்கள் என் இரவுகள். ஸம்றாவுக்குக் கலியாணம் நடந்தால் நான் எங்கே படுப்பேன் என்று யாரும் கேட்டதில்லை. எனக்கு எங்கேயோ ஒருத்தியின் காக்கா, அதாவது அண்ணன்காரன், கல் அடுக்கிக்கொண்டிருக்கிறான் என்பது அவர்கள் நம்பிக்கை.

அசர் தொழுகை முடிந்து ஒரு வேனில் வந்தார்கள். மாப்பிள்ளை வரவில்லை. முதல் பேச்சுக்கு வருவதில்லை. அவருடைய உம்மா றுக்ஸானா, உம்மாவின் காக்கா காலிதீன் ஹாஜியார், முன்னால் முத்தலிப். றுக்ஸானா பெண்களோடு உள்ளே போனார். ஆனால் கதிரையை வாசற்படிக்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டுக்கொண்டார். திரைச்சீலைக்குக் கீழே அவருடைய செருப்புத் தெரிந்தது. நாங்கள் பேசும் ஒரு சொல்லும் அந்தச் செருப்பைத் தாண்டிப் போகாது.

காலிதீன் ஹாஜியார் தேத்தண்ணியை ஊதிக்கொண்டே தொடங்கினார்.

"பொண்ணு படிச்சது என்ன பாடம் எண்டீங்க?"

வாப்பா என்னைப் பார்த்தார்.

"பிரயோக கணிதம்" என்றேன். "ஒங்கட மருமகனும் அதத்தானே படிச்சவர்."

"அவன் கணக்கு டீச்சர். அது வெளங்குது. இந்தப் புள்ள டீச்சர் இல்லயே. அப்ப இந்தக் கணக்க எதில பிரயோகிக்கிற?"

"காப்புறுதியில. ஆக்களுக்கு எப்ப வருத்தம் வரும், எப்ப மௌத்தாவாங்க எண்டு பாத்து, அதுக்கு எவ்வளவு காசி எடுக்கிறதெண்டு சொல்லுறது."

"அஸ்தஃபிருல்லாஹ். மௌத்து எப்ப எண்டு அல்லாக்குத்தான் தெரியும்."

"ஓம். ஒரு ஆளுட மௌத்து அல்லாக்குத்தான் தெரியும். ஒரு லட்சம் பேருட மௌத்து கம்பனிக்கும் கொஞ்சம் தெரியும்."

முத்தலிப் அவசரமாக உள்ளே புகுந்தார். "சம்பளத்தச் சொல்லு தம்பி, சம்பளத்த."

சொன்னேன். திரைக்குக் கீழே செருப்பு அசைந்தது.

"நிரந்தரமா?" என்றார் ஹாஜியார்.

"கம்பனி வேல."

"பென்சன்?"

"இல்ல."

"நம்மட மருமகனுக்குப் பென்சன் இரிக்கி." அவர் கதிரையில் சாய்ந்தார். "நீங்களும் அதே பாடம்தான் படிச்சதாமே. ஒங்களோட படிச்சவங்கள்லாம் இப்ப என்ன செய்யுறாங்க?"

இதற்குத்தான் என்னை எழுப்பியிருக்கிறார்கள். சொன்னேன். ஒருவன் கொழும்பில் வங்கியில் நல்ல இடத்தில் இருக்கிறான். மூன்று பேர் ஆசிரியர்கள். ஒருத்தி அவுஸ்திரேலியாவில். ஒருவன் கட்டாரில் சூப்பர் மார்க்கெட்டில் காசு வாங்கிப் போடுகிறான். இன்னொருவன் அறுகம்பேயில் வெள்ளைக்காரர்களுக்கு ஸ்கூட்டர் வாடகைக்கு விடுகிறான், எல்லோரையும்விட அவன்தான் சந்தோஷமாக இருக்கிறான்.

"அப்ப படிப்பு ஒண்டு, உழைப்பு வேற வேற" என்றார் ஹாஜியார். வாப்பாவின் பக்கம் திரும்பினார். "ஆனா கடன் எண்டது கடன்தான். மொகம்மது தம்பி, வெளிப்படையாக் கதைப்பம். வீடு பாத்தம், நல்லம். புள்ளயும் நல்ல புள்ளயாம். ஒண்டுதான். நிக்காஹுக்கு முந்தி அந்தக் கடன முடிச்சித் தாங்க. கடனில்லாத பொண்ணா வேணும்."

நான் கேட்டேன், "என்னத்துக்கு ஹாஜியார்? கடன் அவட. அவட சம்பளத்துல அவ கட்டுறா. ஒங்கட மருமகன் ஒரு சதம் கட்டத் தேவல்ல."

"கலியாணம் முடிச்சா அவட சம்பளம் குடும்பத்துட சம்பளம்தானே மகன்."

"அப்ப அவட கடனும் குடும்பத்துட கடன்தானே."

"அது அப்பிடியில்ல."

"எப்பிடி?"

"கடனோட மௌத்தாகிறது நல்லமில்ல" என்றார். பேச்சு தோற்கும் இடத்தில் எங்கள் ஊர் ஆட்கள் மரணத்தைக் கொண்டுவந்து வைப்பார்கள். அதற்குமேல் யாரும் கதைக்க மாட்டார்கள்.

நான் கதைத்திருப்பேன். அதற்குள் வாப்பா சொல்லிவிட்டார், "வயல வித்துக் குடுக்கிறன்."

ஒரே சொல். மூன்று தேத்தண்ணிக் கோப்பை காலியாகுமுன் ஓர் ஏக்கர் வயல் போய்விட்டது. சம்மாந்துறைப் பக்கம், வாய்க்காலுக்கு முதல் பூமி, தண்ணீர் பிந்தாத இடம். இரண்டு போகமும் விளையும். வாப்பாவும் உம்மாவும் வருஷம் முழுக்கத் தின்பது அதில் விளைவது. வேறு வருமானம் அவர்களுக்கு என் சம்பளமும் ஸம்றாவின் சம்பளமும்தான். ஸம்றாவின் சம்பளம் குடும்பச் சம்பளமாகப் போகிறது என்று இப்போதுதான் கேட்டோம்.

றுக்ஸானா திரைக்கு உள்ளிருந்தே, "அல்ஹம்துலில்லாஹ்" என்றார்.

வேன் போனபிறகு நான் வாப்பாவோடு சண்டை பிடித்தேன். சண்டை என்றால், நான் கேட்பது, அவர் சாரத்தை மடித்துக் கட்டுவது.

"ஆரு கேட்ட ஒங்கள விக்கச் சொல்லி?"

"புள்ளக்கி முப்பது ஆகப் போகுது."

"இருபத்தேழு."

"அதத்தான் சொல்றன்."

"அடுத்த வருஷம் என்னத்தத் தின்னுவீங்க? மருமகன்ட பென்சனயா?"

"நீ கதைக்காத. உனக்கும் ஒரு மகள் பொறந்து இப்பிடி நாலு பேரு வந்து இரிந்தாத்தான் உனக்குத் தெரியும்."

உம்மா குறுக்கே வந்தார். "ரெண்டு பேரும் மெதுவாக் கதைங்க. அடுத்த வளவுல எல்லாம் கேக்குது."

ஸம்றா மேல்மாடியிலிருந்து இறங்கி வந்தாள். காதில் இன்னும் ஹெட்போன் தொங்கியது. கம்பனிக் கூட்டமொன்றிலிருந்து பாதியில் எழுந்து வந்திருக்கிறாள். வந்தவர்கள் சாப்பிட்டு மிச்சம் வைத்த ரோல்ஸ் ஒன்றை எடுத்துக் கடித்தாள்.

"முடிவு என்ன?"

உம்மா சொன்னார். வயல் என்று வந்ததும் அவள் மெல்லுவதை நிறுத்தினாள். அந்தப் பையன் எப்படி, அவளுக்குப் பிடித்திருக்கிறதா என்று நான் கேட்டேன். படத்தைப் பார்த்திருக்கிறாள், போனில் இரண்டு தரம் கதைத்திருக்கிறாள்.

"நல்ல மனிசன் போலதான்" என்றாள். "கதைச்சா மத்த ஆளையும் கதைக்க விடுறார். அது கொஞ்சப் பேருட்டதான் இரிக்கி." பிறகு கேட்டாள், "மஹர் எவ்வளவு கதைச்சாங்க?"

"அது வழமையானதுதானே" என்றார் உம்மா. "ஒரு பவுண்."

"அத ஆரு முடிவு பண்ணின?"

"ஊருல எல்லாருக்கும் அப்பிடித்தான் புள்ள."

"மஹர் பொண்ணுதானே கேக்கணும். நான் இன்னும் கேக்கல்லயே."

வாப்பா சாரத்தை அவிழ்த்து மறுபடி கட்டினார். அவருக்கு விளங்கத் தொடங்கியிருந்தது. மாப்பிள்ளை பெண்ணுக்குக் கொடுக்க வேண்டிய மஹர் எங்கள் ஊரில் ஒரு சடங்கு. ஒரு பவுண் மோதிரத்தோடு முடிந்துவிடும். பெண் வீட்டார் கொடுக்கும் வீடும் வளவும்தான் உண்மையான பேரம். மஹரைப் பெண் எவ்வளவும் கேட்கலாம் என்று எல்லா நிக்காஹ் பயானிலும் சொல்வார்கள். கேட்ட பெண்ணை நான் பார்த்ததில்லை.

"ஒம்பது லட்சம்" என்றாள் ஸம்றா. "கடன்ட மிச்சம் சரியா அவ்வளவுதான். அவங்களுக்குக் கடனில்லாத பொண்ணு வேணுமெண்டா அவங்களே முடிக்கட்டும். காக்கா, முத்தலிப் நானாக்குப் போன் எடுத்துச் சொல்லுங்க."

"நீயே எடு."

"நான் எடுத்தா வாயாடியெண்டு சொல்லுவாங்க. நீங்க எடுத்தா சண்டக்காரனெண்டு சொல்லுவாங்க. அது ஏற்கெனவே சொல்றதுதானே."

எடுத்தேன். முத்தலிப் முதலில் சிரித்தார். பிறகு, நான் சிரிக்காததால், சிரிப்பை நிறுத்தினார்.

"தம்பி, நான் இருவது வருஷமாக் கலியாணம் பேசுறன். ஒரு பவுண், ரெண்டு பவுண். ஒருதரம் அக்கரைப்பத்துல அஞ்சு பவுண் கேட்டாங்க, அந்தக் கலியாணம் நடக்கல்ல."

"சொல்லுங்க நானா, மார்க்கத்துல இடம் இல்லயா?"

"இடமெல்லாம் இரிக்கி. இடமிருக்கிறதெல்லாம் செய்யுறதா?"

"கடனப் பத்தி ஹாஜியார் இண்டைக்கி மார்க்கம் கதைச்சாரே."

"அது வேற" என்றார் முத்தலிப். எல்லோருக்கும் அது வேற. "சரி, சொல்றன். ஆனா என்ட தரகுக் காசில மண்ண அள்ளிப் போட்டுட்டீங்க."

நிந்தவூரிலிருந்து பதில் வரவில்லை. வாப்பா பதிலுக்குக் காத்திருக்கவும் இல்லை. மஹர் விளையாட்டெல்லாம் கலியாணத்தைக் குழப்பிவிடும், காசைக் கையில் வைத்துக்கொண்டு போனால் கோபம் தீரும் என்று அவர் தனியாக முடிவெடுத்து, நஸீம் என்ற மில்காரருக்கு வயலைக் காட்டினார். வெள்ளிக்கிழமை மஃரிபுக்குப் பிறகு, பொழுது பட்டதும், முற்பணம் தருவதாக நஸீம் சொல்லியிருந்தார். அதே வெள்ளிக்கிழமை அசருக்குத்தான் நிந்தவூர் ஆட்கள் கடைசிப் பேச்சுக்கு வருவதாக முத்தலிப் சொல்லி அனுப்பினார். ஒரே பின்னேரத்தில் தங்கச்சியும் வயலும். வாப்பாவிடம் கொஞ்சம் பொறுக்கச் சொன்னேன். நல்ல காரியத்தைப் பிந்தப் போடக் கூடாது என்றார். நல்ல காரியம் எது என்று கேட்டேன். சாரத்தை மடித்துக் கட்டினார்.

வியாழக்கிழமை காலை வேலை முடிந்து வெளியே வரும்போது பெக்டரி வாசலில் மோட்டார் சைக்கிளோடு ஒருவர் நின்றார். வெள்ளைச் சேர்ட், கறுப்புக் களுசான், தலையில் ஹெல்மட் அடையாளம். பாடசாலைக்குப் போகிற வழி என்று பார்த்ததும் தெரிந்தது. பின்னால் லொறியில் ஐஸை உடைத்துக் கொட்டிக்கொண்டிருந்தார்கள், ஒரு சொல்லும் கேட்கவில்லை. கையால் சைகை காட்டி அவரை ரோட்டுக்கு அந்தப் பக்கம் கூட்டிப்போனேன்.

"நான் சப்ரி."

"தெரியும். படம் பாத்த. என்ன, மஹர் கூடிப்போச்சா?"

அவர் அதற்குச் சிரிக்கவில்லை. "ஒரு விசயம் சொல்லணும். உம்மாக்குத் தெரியாம வந்திரிக்கன்."

எனக்கு நின்றபடியே கண் மூடியது. சொல்லுங்கள் என்றேன்.

அவர் சொன்னது இதுதான். பட்டம் முடித்து நாலு வருஷம் வேலையில்லாமல் இருந்திருக்கிறார், டியூசன் கொடுத்துக்கொண்டு. நியமனம் கிடைத்த அடுத்த வருஷமே அவருடைய தங்கச்சி அஸ்னாவுக்குப் பேச்சு வந்தது. வீடு வேண்டும். அரசாங்க உத்தியோகத்தருக்கு வங்கி கண்ணை மூடிக் கடன் கொடுக்கும், சம்பளத்திலேயே வெட்டிக்கொள்ளும். எடுத்தார். காசு போதாததால் இன்னொன்று எடுத்தார். மூன்றாவதாக, அரசாங்க ஊழியருக்கு அவசரத்துக்குத் தரும் இடர்கடன். அஸ்னா இப்போது கொங்கிறீட் தட்டுப் போட்ட வீட்டில் இருக்கிறாள். கடன் இருபத்தாறு லட்சம், இன்னும் பத்து வருஷத்துக்கு மேல்.

"வெட்டினது போகக் கையில வாறது முப்பத்தோராயிரம்" என்றார்.

"நான் இஞ்ச அம்பத்தஞ்சு எடுக்கிறன்."

அவர் பெக்டரியைத் திரும்பிப் பார்த்தார். "நீங்களும் பிரயோக கணிதம்தானே. எத்தன வருஷம்?"

"ரெண்டர."

"நான் நாலும் முடிச்சன்."

"அதான் கொறஞ்சிபோச்சு."

இதற்குச் சிரித்தார். சிரித்துவிட்டு மோட்டார் சைக்கிள் கண்ணாடியைத் துடைத்தார். அதில் துடைக்க ஒன்றும் இல்லை.

"ஒங்கட தங்கச்சிட கடன முடிக்கச் சொன்னது உம்மாட யோசனதான். அவங்கட முழுச் சம்பளமும் வெட்டில்லாம வந்தா, என்ட கடன் அஞ்சி வருஷத்துல முடியுமாம். நான் வேணாமெண்டுதான் சொன்ன. சரியாச் சொல்லல்ல."

"சரியாச் சொல்லல்ல எண்டா?"

"ஒருதரம் சொன்ன."

எனக்கு அவர்மேல் கோபம் வர வேண்டும். வந்தது, ஆனால் முழுதாக வரவில்லை. என் மேல்மாடிச் சுவரை வங்கி கட்டியிருந்தால் நானும் இப்படித்தான் ரோட்டோரத்தில் நின்றிருப்பேன்.

"இத என்னத்துக்கு எனக்குச் சொல்றீங்க? நான் ஒங்களயா கலியாணம் முடிக்கப் போறன்? நாளைக்கி வாங்க. எல்லாருட முன்னாலயும் சொல்லுங்க."

"உம்மா பாவம்."

"என்ட உம்மாட சோத்துக்கு இரிக்கிற வயல விக்கிறாங்க. அவ பாவமில்லயா? நாளைக்கி மஃரிபுக்கு முற்பணம் வாங்கப் போறாங்க. மறுகா நீங்க சொல்லி ஒண்டும் ஆகப்போறதில்ல."

அவருக்கு வயல் விற்பது தெரிந்திருக்கவில்லை. கடனைக் கட்டுவார்கள் என்று தெரியும், எதை விற்றுக் கட்டுவார்கள் என்று கேட்கவில்லை. ஒரு கணித ஆசிரியர். காசு எங்கேயிருந்து வரும் என்று கேட்காமல் கூட்டுத்தொகையை மட்டும் எழுதிக்கொண்டிருக்கிறார். அதைச் சொன்னேன். தலையைக் குனிந்து கேட்டுவிட்டுப் பாடசாலைக்குப் போனார்.

வீட்டுக்கு வந்ததும் ஸம்றாவிடம் முழுதும் சொன்னேன். அவள் மடிக்கணினியை மூடவில்லை.

"அவரா வந்து சொன்னாரா, நீங்க போய்க் கேட்டீங்களா?"

"அவரா வந்தார்."

"ம்." திரையில் ஒரு கணக்குப் போட்டாள். "அப்ப அவருக்கு என்ட கடனப்போல மூணு மடங்கு. நான் படிக்க எடுத்த. படிச்சது உழைக்குது. அவர் எடுத்தது அஸ்னாட வீடு. அது அவருக்கு ஒரு சதம் தராது."

"வேணாமெண்டு சொல்லவா?"

"ஏன்? வீடு கட்டின காக்காமார வேணாமெண்டு சொன்னா இந்த ஊருல ஆர முடிக்கிற?"

"ஓமெண்டு சொல்லவா?"

"நாளைக்கி அவர் வாயால சொல்லட்டும். சொல்லாட்டி நான் வயல விட மாட்டன், கலியாணத்த விட்டிருவன். வாப்பாட்ட சொல்ல வேணாம்."

வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்து சாப்பிட்டுக் கொஞ்சம் படுக்கலாம் என்று பார்த்தேன். கதிரை அடுக்க எழுப்பினார்கள். அசருக்குப் பிறகு அதே வேன் வந்தது. இந்தத் தடவை சப்ரியும் இருந்தார். றுக்ஸானா உள்ளே போகவில்லை. மஹர் ஒன்பது லட்சம் கேட்ட வீட்டில் திரைக்குப் பின்னால் இருக்க அவருக்குப் பொறுமை இல்லை, முன் அறையிலேயே மகனுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"மஹர் கேக்கிறது பொண்ணுட உரிம" என்று காலிதீன் ஹாஜியார் தொடங்கினார். "அத நாங்க மறுக்கல்ல. ஆனா ஊர் வழம எண்டு ஒண்டு இரிக்கி."

"ஓம் ஓம்" என்றார் வாப்பா. "அது சின்னப் புள்ள வெளாட்டுக்குக் கேட்ட. நீங்க ஒரு பவுணே போடுங்க. நான் இண்டைக்கி மஃரிபுக்கு வயலுக்கு முற்பணம் எடுக்கிறன். ரெண்டு கிழமக்குள்ள கடன் முடியும்."

முத்தலிப் முகம் மலர்ந்தது. ஹாஜியார் தலையசைத்தார். பேச்சு முடிந்துவிட்டது. உம்மா தேத்தண்ணித் தட்டோடு உள்ளேயிருந்து வந்தார். நான் சப்ரியைப் பார்த்தேன். அவர் நிலத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஒருதரம் சொல்கிற ஆள், இன்று அந்த ஒருதரமும் இல்லை என்று நினைத்தேன். பல்லைக் கடித்துக்கொண்டு எழும்பப் போனேன்.

"வயல விக்க வேணாம் மாமா" என்றார் சப்ரி.

வாப்பா அவரைப் பார்த்துச் சிரித்தார், மரியாதைக்குச் சொல்கிறார் என்று. "பரவால்ல மகன்."

"இல்ல மாமா. எனக்கு இருபத்தாறு லட்சம் கடன் இரிக்கி."

"சப்ரி" என்றார் றுக்ஸானா.

"தங்கச்சிட வீட்டுக்கு எடுத்த. சம்பளத்துல வெட்டுப்படுது. கையில முப்பத்தொண்டுதான் வாறது. ஒங்கட மகள்ட கடன முடிக்கச் சொன்னது, அவங்கட சம்பளத்துல இதக் கட்டத்தான்."

"வாய மூடு சப்ரி. ஆருட வீட்டுல என்ன கதைக்கிற?"

"அவங்கட வீட்டுலதான் உம்மா. அவங்களுக்குத்தானே தெரியணும்."

தேத்தண்ணித் தட்டு உம்மாவின் கையிலேயே இருந்தது. முத்தலிப் கூரையைப் பார்த்தார். ஹாஜியார் தொண்டையைச் செருமினார். "இது எல்லா வீட்டுலயும் இரிக்கிறதுதான். காக்காமார் தங்கச்சிமாருக்குச் செய்யுறது புதினமா? இந்தா, இந்தத் தம்பியும் செய்யுறார்தானே." என்னைக் காட்டினார்.

"நான் செய்யுறன்" என்றேன். "ஆனா ஆருட வயலயும் கேக்கல்ல."

வாப்பா மெதுவாகக் கேட்டார், "அப்ப என்ட வயல் அந்தப் புள்ளட வீட்டுக்கா போகுது?"

அவர் யாரையும் பார்த்துக் கேட்கவில்லை. சாரத்தைத் தொட்டார், ஆனால் கட்டவில்லை. அந்த மனிதர் இரண்டு கிழமையாகக் கடன் என்பது தன் வீட்டில் மட்டும்தான் இருக்கிறது என்று வெட்கப்பட்டுக்கொண்டிருந்தார். அதை நினைக்கத்தான் எனக்கு எரிந்தது.

ஸம்றா முந்தானையைச் சரிசெய்துகொண்டு திரையை விலக்கி வந்தாள். பேச்சு நடக்கும்போது பெண் முன்னால் வருவதில்லை. றுக்ஸானா வாயைத் திறந்தார், ஸம்றா அவருக்கு ஸலாம் சொன்னதால் பதில் ஸலாம் சொல்ல வேண்டியதாகிவிட்டது.

"வயல் விக்கிறதில்ல" என்றாள். "என்ட கடன் நான் எடுத்த, நான் கட்டுவன். ஒங்கட கடன் நீங்க எடுத்த, நீங்க கட்டுங்க. வீட்டுச் செலவு ரெண்டு பேருட கையில மிஞ்சிறதுல. மஹர் நான் கேட்டதுதான், ஒம்பது லட்சம். இப்ப தர ஏலா எண்டு தெரியும். பிறகு தாறதா எழுதலாம்."

"பிந்திக் குடுக்கிற மஹரும் கடன்தான் மகள்" என்றார் ஹாஜியார். "ஒரு கடன முடிக்கச் சொல்லி வந்த நாங்க, இன்னொரு கடனோட போறதா?"

"ஓம் ஹாஜியார். இதுக்கும் வட்டி இல்ல."

றுக்ஸானா எழுந்தார். "வாங்க காக்கா. இது கலியாணப் பேச்சு இல்ல, வழக்கு. சப்ரி, எழும்பு." கைப்பையை எடுத்துக்கொண்டு வெளியே போனார். வேன் கதவு இழுபட்டு மூடும் சத்தம் கேட்டது. ஹாஜியார் அரைவாசி எழும்பி, சப்ரி எழும்பாததைக் கண்டு, அப்படியே நின்றார்.

உம்மா அப்போதுதான் தட்டை நீட்டினார். சப்ரி ஒரு கோப்பையை எடுத்தார்.

வெளியே ஹோன் அடித்தது. பிறகு நீளமாக ஒருதரம். வாப்பா போனை எடுத்து நஸீமுக்குப் பேசினார். "முற்பணம் வேணாம் நஸீம். இல்ல, வெல காணாமலில்ல. வயல் குடுக்கிறதில்ல." அந்தப் பக்கத்திலிருந்து என்னவோ கத்தினார்கள். வாப்பா, "ஓம், நான் மனிசனில்லதான்" என்று சொல்லி வைத்தார்.

வேன் சாரதி வந்து வாசலில் நின்றான். "உம்மா கூப்பிடுறா."

"தேத்தண்ணி குடிச்சிட்டு வாறன் எண்டு சொல்லுங்க" என்றார் சப்ரி. பிறகு ஸம்றாவைப் பார்த்து, டியூசன் வகுப்பில் கேட்பதுபோலக் கேட்டார், "ஒரேயடியாத் தரணுமா? தவணை முறையில ஏலாதா?"

"ஏலும்" என்றாள். "எவ்வளவு எண்டு நீங்க சொல்லுங்க. பொய்யில்லாமச் சொல்லுங்க."

"இப்ப ரெண்டாயிரம்தான் ஏலும்."

"அப்ப முப்பத்தேழு வருஷத்துக்கு மேல."

"டியூசன் கூட எடுத்தா கொறயும்."

முத்தலிப் என் காதில், "தம்பி, இதுல எனக்குத் தரகு எப்பிடி, தவணை முறையிலயா?" என்றார். நான் அவருக்கு ஒரு கோப்பையைக் கொடுத்தேன்.

ஹாஜியார் மறுபடி உட்கார்ந்துவிட்டார். மருமகன் முகத்தையும் ஸம்றா முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார். மார்க்கத்தில் ஒரு குறையும் சொல்ல முடியாத பேச்சு, அதுதான் அவருக்கு எரிச்சல். "எழுதுறதெண்டா எல்லாம் எழுதணும்" என்றார் கடைசியில். "ரெண்டு பேருட கடனும். மறுகா தெரியா எண்டு ஆரும் சொல்லப்படாது."

வாசலில் செருப்புச் சத்தம் கேட்டது. றுக்ஸானா திரும்பி வந்து கொஞ்ச நேரமாக அங்கேயே நின்று கேட்டிருக்கிறார். வேனுக்குள் வெக்கையாக இருந்திருக்க வேண்டும், அல்லது தான் இல்லாமலே உள்ளே ஏதோ முடிவாகிறது என்று விளங்கியிருக்க வேண்டும். அவருக்கு ஒரு மகன்தான், அந்த மகனுக்கு இருபத்தாறு லட்சம் கடன். இனி வேறெந்த வீட்டிலும் இந்தப் பேச்சை அவர் முதலிலிருந்து தொடங்க முடியாது. யாரும் அவரைக் கூப்பிடவில்லை, யாரும் எழும்பி இடமும் கொடுக்கவில்லை. தானே ஒரு கதிரையை இழுத்துப் போட்டு, ஸம்றாவுக்கு எதிரில் உட்கார்ந்தார். மகனைப் பார்க்கவில்லை.

"ரெண்டாயிரம் எண்டது கூடிப்போச்சு" என்றார். "ஆயிரத்தி ஐந்நூறு போடுங்க."